நச்சுப் பொய்கையும் தீக்கிண்ணமும்

போட்டியைப் பொருளாகக் கொண்ட கதைகள் மிகப் பழமையானவை. வில்லை வளைத்து மணமகளைப் பெறுதலும், விடுகதைக்கு விடை பகர்ந்து உயிர் பிழைத்தலும், சூதிலே நாட்டை வைத்து இழத்தலும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டும் சலியாத பொருள்கள். தோல்வி பெரிதாயின் வெற்றியின் சுவையும் பெரிதாகும். தோற்றவர்க்குச் சாவே முடிவெனின் கேட்போர் மூச்சடக்கிக் கேட்பர். இப்பழம் பொருளை இளையோர்க்குரிய புதினமாக விரித்துரைத்த நூல்களுள், ஜே. கே. றோலிங் என்னும் ஆங்கில ஆசிரியை எழுதிய ஹரி பொட்டர் வரிசையின் நான்காம் நூல் தனிச்சிறப்புடையது. 2000 ஆம் ஆண்டு யூலை 8 ஆம் நாள் வெளிவந்த அந்நூல், 2001 இல் ஹியூகோ பரிசினைப் பெற்றது. 2005 இல் திரைப்படமாகவும் வந்தது. அதன் பெயரைத் தமிழில் 'ஹரி பொட்டரும் தீக்கிண்ணமும்' எனலாம்.

இத்தகைய நூல்களை மாணவர் விரும்பிப் படித்தல் தகுமோ என ஐயுறும் பெரியோர் உளர். அவர் கூறும் தடைகள் இரண்டு. மாயமும் மந்திரமும் மலிந்த கதை அறிவை மயக்கும் என்பது ஒன்று. இளைஞர் உயிரைப் பணயமாக வைக்கும் போட்டியைச் சுவைத்தல் நெஞ்சை வன்மைப்படுத்தும் என்பது மற்றொன்று. முதலாவது தடைக்கு விடை கூறுதல் எளிது. வேதாளம் தோளேறிக் கதை சொல்லும் விக்கிரமாதித்தன் கதையைக் கேட்டு வளர்ந்த சமூகம், மாயக்கதை என்பதற்காக ஒரு நூலை ஒதுக்குதல் பொருந்தாது. இரண்டாவது தடையோ ஆழ்ந்து நோக்கத்தக்கது. இளைஞர் பலரின் சாவை நேரிற் கண்ட மண்ணில் அது வெறும் ஏட்டுவாதம் அன்று.

கதையின் போக்கைச் சுருக்கமாக அறிந்துகொள்ளல் வேண்டும். ஹொக்வாட்ஸ் என்பது மாயக்கலை பயிற்றும் ஒரு கல்லூரி. அதுவும் பிற நாட்டுக் கல்லூரிகள் இரண்டும் பண்டு தமக்குள் ஒரு போட்டி நிகழ்த்திவந்தன. கல்லூரிக்கு ஒருவராக மூவர் அதிற் பொருதுவர். இறந்துபட்டோர் தொகை பெருகியமையாற் பல காலம் அப்போட்டி கைவிடப்பட்டிருந்தது. மீண்டும் அதனைத் தொடங்கும்போது, பதினேழு வயது நிரம்பாதார் கலந்துகொள்ளலாகாது என விதி செய்கின்றனர். போட்டியாளரைத் தேர்வது நீலத்தழல் வீசும் ஒரு மரக்கிண்ணம். அது மூவர் பெயரை உமிழ்ந்தபின், எவரும் எதிர்பாராவண்ணம் நான்காவது பெயரொன்றையும் உமிழ்கின்றது. அப்பெயர் பதினான்கு வயதினனாகிய ஹரியின் பெயர். கிண்ணம் தேர்ந்தவர் விலகுதல் இயலாது என்பது மாயக் கட்டுப்பாடு. அவன் தன் பெயரை இடவில்லை என்பதை நம்புவோர் சிலரே. நெருங்கிய நண்பனாகிய றொன் கூட முதலில் நம்பவில்லை.

அஞ்சத்தக்க நிகழ்ச்சிகளே நிறைந்த இக்கதை இன்பம் பயப்பது எவ்வாறு? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் களன்களை நான்காக வகுப்பர். அணங்கும், விலங்கும், கள்வரும், தம்மை ஆளும் இறையும் அவை. இந்நூலில் அந்நான்கும் உள. முதற் போட்டியில் நெருப்புமிழும் பறவைநாகம் விலங்கச்சம் தருகின்றது. இறுதியிற் சுடுகாட்டில் உருப்பெற்றெழும் கொடியோன் வொல்டமோட் அணங்கச்சத்தின் வடிவம். ஆசிரியர் ஒருவரின் உருவத்தைக் கவர்ந்துகொண்டு ஆண்டு முழுவதும் கல்லூரியிலேயே வாழும் வஞ்சகன் கள்வன். உண்மையை மறைக்க முற்படும் மாய அமைச்சு இறையச்சம் தருவது. பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டிற்கும் தொல்காப்பியர் களன் நான்கு கூறுவர். கல்வியும், அஞ்சாமையும், புகழும், ஈகையும் என அவை அமையும். இம்முறையை நினைவிற் கொண்டு நூலைப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். போட்டி தொடங்குங்கால் யாவரும் நாடுவது புகழ். அதற்குத் துணையாக வேண்டப்படுவன கல்வியும் அஞ்சாமையும். ஆனாற் கற்போர் உள்ளத்தைக் கதை நிறைக்கும் இடங்கள் எல்லாம் ஈகை நிகழும் இடங்களாகவே இருக்கின்றன. முதற் போட்டியில் எதிர்கொள்ளவேண்டியது பறவைநாகம் என்னும் மறையை அறிந்த ஹரி, அதனை அறியாத எதிராளியாகிய செட்றிக் டிகரிக்கு அறிவிக்கின்றான். செட்றிக் அந்நன்றியை மறவாது, இரண்டாம் போட்டிக்குரிய மறையைத் திறக்கும் வழியைப் பின்னர் அவனுக்குக் கூறுகின்றான்.

அவ்விரண்டாம் போட்டி நடைபெறும் களம் ஓர் ஏரி. முதற் போட்டியில் வென்றெடுத்த பொன்முட்டையைக் காற்றிலே திறந்தாற் செவியைத் துளைக்கும் ஓலம் எழும். அதனையே நீரினுள் அமிழ்த்தித் திறந்தால் இனிய பாடல் கேட்கும். இவ்விடத்தைப் படிக்கும் மட்டக்களப்பு மாணவனுக்கு அது அயல்நாட்டுக் கற்பனையாகத் தோன்றாது. முழுநிலா நாளிற் கல்லடிப் பாலத்தின் அருகே தோணியிற் சென்று, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறுநுனியிற் செவி வைத்து, வாவியின் பாடும்மீன் இசையைக் கேட்டல் இந்நாட்டு வழக்கம். வெளியிலே நிற்போர்க்குக் கேளாத இசை, நீரோடு தொடர்புகொண்டார்க்குக் கேட்கின்றது. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளார் இவ்வாவி இசையை நீரரமகளிர் பாடலாகக் கண்டு செய்யுள் இயற்றினார். றோலிங்கின் ஏரியிலும் பாடுவோர் நீரர மக்களே. ஒருவரோடொருவர் தொடர்பிலாத இரு நாட்டுக் கற்பனைகள் நீரடியில் ஒரே குரலைக் கேட்டிருத்தல் வியப்புத் தருவது.

அப்பாடலின் பொருள் கடுமையானது. போட்டியாளருக்கு மிகவும் வேண்டியவர் ஒருவர் நீரடியிற் கட்டிவைக்கப்பட்டுள்ளார்; ஒரு மணி நேரத்துள் மீட்காவிடில் மீளார் என்பது அதன் கருத்து. நால்வர்க்கு நால்வர் கட்டப்பட்டுள்ளனர். ஹரி முதலில் அவ்விடத்தை அடைகின்றான். அவன் மீட்கவேண்டியவன் றொன் ஒருவனே. அவனை மட்டும் கொண்டு மேலெழுந்திருந்தால் முதலிடம் அவனுடையது. அவனோ ஏனையோரையும் விட்டுச்செல்ல மனமின்றிக் காத்திருக்கின்றான். செட்றிக் வந்து தனக்குரியவளைக் கொண்டு செல்கின்றான். குறும் என்பானும் அவ்வாறே செய்கின்றான். பிரெஞ்சுப் பெண்ணாகிய பிளேர் வாராமையால் அவளுடைய இளைய தங்கை எஞ்சுகின்றாள். காவல் நின்ற நீரர மக்கள் தடுக்கவும் கேளாது, நண்பனையும் அச்சிறுமியையும் ஒருங்கே தாங்கி, நேரம் கடந்தபின் ஹரி மேலெழுகின்றான். அவளோ எதிராளியின் தங்கை. அவனோடு ஓர் உறவும் இல்லாதவள்.

இந்நிகழ்ச்சியைப் படிக்குங்கால் பாரதத்து நச்சுப் பொய்கை நினைவுக்கு வருதல் இயல்பே. கல்முனையை அடுத்த பாண்டிருப்பிலே திரௌபதை அம்மன் விழாவிற் பாண்டவர் வனவாசம் நடித்துக் காட்டப்பெறுவதை ஆண்டுதோறும் காணும் மக்களுக்கு அக்காட்டுவாழ்வின் துயரம் புதிதன்று. நீர்வேட்கையாற் சென்ற தம்பியர் நால்வரும் பொய்கைக் கரையில் உயிரற்றுக் கிடக்கின்றனர். விடை கூறாது நீரருந்தியமையால் விளைந்த கேடு அது. தருமன் இயக்கனுடைய வினாக்கள் அனைத்திற்கும் விடை பகர்கின்றான். நால்வருள் ஒருவனுக்கு உயிர் தருவேன். எவன் வேண்டும் என இயக்கன் கேட்கின்றான். வீமனும் அருச்சுனனும் இன்றேல் இழந்த அரசு மீளாது. எனினும் தருமன் நகுலனையே வேண்டுகின்றான். குந்தியின் மக்களுள் தான் ஒருவன் உயிரோடிருக்க, மாத்திரியின் மக்களுள்ளும் ஒருவன் இருத்தல் வேண்டும் என்பது அவன் கொண்ட நீதி. அதுகேட்ட இயக்கன் நால்வரையும் எழுப்புகின்றான். வியாசர் கூறும் கதை இது.

இரு கதைகளிலும் புறத்தே நடக்கும் சோதனை ஒன்று. அகத்தே நடக்கும் சோதனை வேறொன்று. வினாக்களுக்கு விடை கூறுதல் புறச்சோதனை. எவனை எழுப்புவது என்பதே அகச்சோதனை. அவ்வாறே நீரடியில் ஒரு மணி நேரம் உயிர்தாங்குதல் புறச்சோதனை. எவரை விட்டுவருவது என்பது அகச்சோதனை. போட்டியாளன் அறியாத வகையில் அகச்சோதனை நிகழ்தலே கதையின் நயம். பரிசு கருதி நல்லவனாதல் எளிது. பரிசு கைவிட்டுப் போகும் என்று எண்ணியும் நல்லவனாயிருப்பவனைக் கண்டே கற்போர் களிப்பர். றோலிங் இவ்விடத்தில் ஒரு நகைச்சுவையையும் சேர்த்துள்ளார். கட்டப்பட்டோர் எவரையும் நடுவர் சாகவிடுவதாயில்லை. பாடலை அவ்வளவு உண்மையாகக் கொண்டாயே என்று றொன் நகைக்கின்றான். ஹரிக்கு நாணம் உண்டாகின்றது. பாராட்டைக் காட்டிலும் அந்நாணமே அவன் செய்கை கலப்பற்றது என்பதற்குச் சான்று.

மூன்றாம் போட்டி ஒரு புதர்ச்சிக்கலினுள் நடைபெறுகின்றது. புகும் வழி அறிந்து மீளும் வழி அறியாத அபிமன்னனின் வியூகத்தை அது நினைவூட்டும். அதனுள்ளே பெண்முகமும் சிங்கவுடலும் கொண்ட ஓர் உயிர் வழிமறித்து விடுகதை கூறுகின்றது. பிழையான விடை சொல்வோரை அது தாக்கும். வாய்வாளாது திரும்பிச் செல்வோரை விட்டுவிடும். விடையறிந்தும் சொல்லாவிடில் தலை சிதறும் என்ற வேதாளத்தின் கட்டளையோ இதினும் கொடிது. அங்கு மௌனத்திற்கும் இடமில்லை; மௌனம் கலைந்தாலும் வேதாளம் மரமேறிவிடும். விடுகதையின் கூர்மையில் விக்கிரமாதித்தன் கதையே விஞ்சி நிற்கின்றது என்பதை ஒப்புக்கொள்ளல் நேர்மை. றோலிங்கின் வன்மை விடுகதையில் இல்லை. உடன்படித்த மாணவரின் பொறாமை, பிணக்கு, மீளவும் நட்புக் கொள்ளல் ஆகியவற்றைக் காட்டுவதிலேயே அது மிளிர்கின்றது.

குற்றங்களும் இந்நூலில் இல்லாமல் இல்லை. நூலின் தொடக்கத்திலே உலகக் கிண்ண விளையாட்டை விரித்துரைக்கும் பகுதி அளவின் மிக்கது. போட்டி தொடங்குமுன்னரே பொறுமை இழப்போர் உண்டு. இன்னும் பெரிய குறை ஒன்று கதைப்பின்னலில் உள்ளது. இறுதி வெற்றிக்கிண்ணத்தைத் தொடுவோர் சுடுகாட்டிற்கு ஈர்க்கப்படுமாறு வஞ்சகன் மாயம் செய்திருக்கின்றான். ஹரியை அங்கே கொண்டுசெல்வதே அவன் நோக்கமெனின், ஆண்டு முழுவதும் அவனை மூன்று போட்டிகளிலும் வெல்லச்செய்ய வேண்டியதில்லை. வகுப்பறையில் ஓர் ஏட்டையோ எழுதுகோலையோ தொடச்செய்தாலே போதும். இவ்வினாவிற்கு நூலில் நிறைவான விடை இல்லை. கதையின் விரைவு இக்குறையைப் படிக்கும்போது மறைக்கின்றதேயன்றி நீக்குவதில்லை.

போட்டியின் பின்னே சூழ்ச்சி ஒன்றை மறைத்துவைத்தல் தமிழ்ப் பாரதத்திலும் உண்டு. வில்லிபுத்தூரார் நச்சுப்பொய்கைக் கதைக்கு வேறொரு பின்புலம் அமைத்தார். துரியோதனன் வேண்டுகோளாற் காளமாமுனிவர் வேள்வி செய்து ஒரு பூதத்தை எழுப்பிப் பாண்டவரைக் கொல்ல ஏவுகின்றார். அதனினின்றும் அவரைக் காக்கவே அறக்கடவுள் பொய்கையை ஆக்குகின்றார். முன்னரே இறந்தார் போற் கிடப்பவரைக் கண்ட பூதம் சினந்து மீண்டு, ஏவிய முனிவரையே கொல்கின்றது. ஈண்டு பொய்கைச் சோதனை கொலையினின்றும் காக்கும் அரண். தந்தை மக்களுக்கு அமைத்தது. தீக்கிண்ணப் போட்டியோ கொலைக்கு இட்டுச்செல்லும் பொறி. பகைவன் பிள்ளைகளுக்கு அமைத்தது. வெளித்தோற்றத்தில் ஒத்திருக்கும் இரு சோதனைகள் வகுத்தவர் நெஞ்சத்தால் வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டை உணர்ந்தாலன்றி நூலின் இறுதிப் பகுதி விளங்காது.

புதர்ச்சிக்கலின் நடுவே ஹரியும் செட்றிக்கும் ஒருங்கே வெற்றிக்கிண்ணத்தை அணுகுகின்றனர். நீ எடு என்று இருவரும் ஒருவரையொருவர் வற்புறுத்துகின்றனர். ஈற்றில், இருவரும் சேர்ந்து எடுப்போம் என ஹரி கூற, இருவரும் ஒருசேரத் தொடுகின்றனர். சுடுகாட்டிற்கு இருவரும் ஈர்க்கப்படுகின்றனர். வந்திறங்கிய சிறுபொழுதிற் செட்றிக் கொல்லப்படுகின்றான். தருமனின் ஈகை நால்வரை எழுப்பியது; ஹரியின் ஈகை ஒருவனைச் சாவிற்கு அழைத்துச் சென்றது. அறத்திற்கு இது மாறன்றோ எனின், அன்று. இரு இளைஞரின் செய்கையிலும் குற்றம் இல்லை. குற்றம் போட்டியை வகுத்தாரிடத்தது. வஞ்சகனிடத்து மட்டும் அன்று. பதினான்கு வயதினன் ஒருவன் பெயர் முறைகேடாக வந்ததென்று அறிந்தும், விதி விதியே என்று கூறி அவனைக் களத்தில் இறக்கிய பெரியோர் அனைவரும் அப்பழியிற் பங்குடையர். தலைமையாசிரியராகிய டம்பிள்டோரும் அதற்கு விலக்கல்லர்.

இவ்விடத்தே நூல் இளையோர்க்கு மட்டுமன்றி அவர்தம் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உரியதாகின்றது. பத்து வயதில் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சை தொடங்கி, உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளி ஈறாக, இந்நாட்டுப் பிள்ளைகள் பெரியோர் வகுத்த போட்டிகளிலேயே வளர்கின்றனர். அப்போட்டிகளில் ஒருவன் இடம்பெறின் மற்றொருவன் இடமிழப்பான். தன் குறிப்பேட்டைத் தோழனுக்குக் கொடாது மறைக்கும் மாணவனைக் கண்டு நோகும் ஆசிரியர், அவனை அவ்வாறு மறைக்கச் செய்தது எது என்றும் எண்ணுதல் வேண்டும். பறவைநாகத்தின் மறையை எதிராளிக்குச் சொன்ன ஹரியைப் படித்து மகிழும் பிள்ளை, அம்மகிழ்ச்சியின்போதாவது வேறொரு வாழ்வு கூடும் என அறிகின்றது. இலக்கிய இன்பத்தின் பயன்களுள் அதுவும் ஒன்று.

இரண்டாவது தடைக்குரிய விடையும் இங்கேயே கிடைக்கின்றது. சாவைக் காட்டும் கதையைச் சுவைத்தல் சாவைச் சுவைத்தல் ஆகாது. மட்டக்களப்பு வடமோடிக் கூத்துக்களிற் கன்னன் மாய்வான் என்பதை அறியாதார் எவரும் வட்டக்களரியைச் சூழ்ந்து அமர்வதில்லை. அறிந்தும் விடியுமட்டும் விழித்திருக்கின்றனர். சாவின்முன் ஒருவன் தன் இயல்பில் நிலைத்துநிற்றலைக் காண்பதே அவர்தம் விருப்பம். 1962 இற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' கூத்தினை மேடையேற்றியபோது, அக்கூத்தைப் புதிய அவையோரும் சுவைத்தற்குக் காரணம் இதுவே எனலாம்.

சுடுகாட்டில் ஹரியின் கோலும் பகைவன் கோலும் ஒன்றையொன்று பற்றும்போது, பகைவனாற் கொல்லப்பட்டோரின் நிழலுருக்கள் தோன்றுகின்றன. செட்றிக்கின் நிழல் வேண்டுவது பழிவாங்கலன்று. தன் உடலைப் பெற்றோரிடம் சேர்ப்பிக்குமாறே அது கேட்கின்றது. ஹரி தன் உயிரைக் காத்து ஓடும் வேளையிலும் அவ்வுடலைப் பற்றியவாறே மீள்கின்றான். இப்பகுதியை இங்கிலாந்திற் படிப்போர் ஒருவகையாகப் படிப்பர்; வாவிக்கரையிற் படிப்போர் வேறொரு வகையாகப் படிப்பர். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் கொண்டுசென்றது. 2009 இல் முடிந்த நெடும்போரிற் பிள்ளைகளை இழந்தோர் பலர். உடலையும் காணாது இன்றும் வாயிலை நோக்கியிருப்போரும் உளர். மகனின் உடல் வீடு வந்து சேர்வதும் ஒரு கொடை என்பதை இம்மண்ணுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. பரிசாகக் கிடைத்த பொன்னை ஹரி செட்றிக்கின் பெற்றோருக்கு ஈகின்றான். அவர் ஏலாது மறுக்கின்றனர். அம்மறுப்பிற்கும் இங்கே உரை வேண்டா.

நூலின் இறுதியில் டம்பிள்டோர் மாணவர் அனைவரையும் கூட்டி, செட்றிக் எவ்வாறு இறந்தான் என்ற உண்மையைக் கூறுகின்றார். அமைச்சு அதனை விரும்பவில்லை. பெற்றோர் சிலரும் விரும்பார் என்பதை அவர் அறிவார். ஆயினும், விபத்தென்று சொல்லி மறைத்தல் இறந்தவனுக்கு இழிவு என்பது அவர் துணிபு. ஓராண்டுப் போட்டியின் எல்லா ஆரவாரமும் அடங்கியபின், இறந்தவன் பெயரை உரத்துச் சொல்லும் ஒரு குரலோடு கதை நிறைவெய்துகின்றது. இளையோர்க்கு அச்சந்தரும் கதைகளைக் கொடுத்தல் தகுமோ என வினவுவோர் இக்காட்சியை நோக்குதல் நன்று. அச்சத்தை மறைத்து வளர்க்கப்பட்டவர், அஞ்சத்தக்கது நேர்ந்தபோது சொல்லறியாது நிற்பர். நல்ல கதையைப் படித்தவர்க்கு அச்சொற்கள் முன்னரே பழகியிருக்கும்.

பொய்கைக் கரையில் நால்வரும் எழுந்தனர். சுடுகாட்டில் விழுந்தவன் எழவில்லை. பழங்கதை, அறம் உயிரை மீட்கும் என நம்பிக்கை தந்தது. புதுக்கதை, உயிர் மீளாவிடினும் அறம் செய்யத்தக்கதே எனக் கூறிற்று. இளையோர் இவ்விரண்டையும் கேட்டு வளர்தல் வேண்டும். அவர் புகவிருக்கும் போட்டிகளை வகுக்கும் பெரியோர், எதனையும் வகுக்குமுன் இவ்விரண்டையும் ஒருமுறை படித்தல் வேண்டும்.